என் பெண்ணுக்கு நான் நோயாளி

என் பெண் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், "அம்மா, கொஞ்ச நேரம் பேஷன்டா படுத்துக்கோயேன். உனக்குக் கை கால் வராதுன்னு வச்சுக்கோ" என்றாள். சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.

கதவைத் தட்டிவிட்டு வந்தாள். "வணக்கம்மா, நான் உங்க நர்ஸ். உங்க பேரென்ன?" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "உங்களை இந்தப் பக்கமாத் திருப்பட்டுமா? எங்கேயாவது வலி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைத் தொட்டாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்றும் பார்த்தாள்.

"இதெல்லாம் பொம்மையை வச்சுத்தானே சொல்லித் தருவாங்க?" என்றேன்.

பொம்மையும் உண்டாம். 1911-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளிக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் அம்மாள் ஆளுயரப் பொம்மை ஒன்று செய்து கொடுத்தாராம். அதற்கு 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர். ஆனால் பொம்மைக்கு வெட்கம், பயம் தெரியுமா? 1963-ல் ஹோவர்டு பாரோஸ் என்ற டாக்டர், ஆளையே நோயாளியாக நடிக்க வைத்து மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். இப்போது நர்ஸிங்கிலும் அந்த முறை உண்டு. நடித்தவரிடம், 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்பார்களாம்.

"நீயும் சொல்லும்மா, எப்படி இருந்தது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த அறையில் என் மாமியார், பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறேன். படுக்கைப் புண்ணே வரவில்லை என்று எனக்குப் பெருமை வேறு! ஆனால் ஒரு நாளாவது அவரைக் கேட்டேனா? வேலை அவசரத்தில் கதவைக்கூடச் சாத்தாமல் போர்வையை உருவுவேன். "ஐயோ" என்பார். "ஆச்சு, ஆச்சு" என்று புரட்டிவிட்டுப் போவேன்.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்தினேன். "அத்தை, இந்தப் பக்கம் திருப்பட்டுமா? எங்கேயாவது வலிக்குதா?" என்றேன்.

என்னையே பார்த்தார். "தோள்…" என்றார் குழறலாக.

வராத கையின் தோள். இத்தனை நாளும் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறேன்!

"அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாதும்மா. தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்து மெதுவா உருட்டணும்" என்று பெண் செய்து காட்டினாள். அன்றைக்கு அத்தை "ஐயோ" என்று சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் படுக்கையில் யாராவது இருந்தால், பத்து நிமிஷம் நீங்களும் நோயாளியாகப் படுத்துப் பாருங்களேன்.