‘உள்ள தண்ணி விட்டா மூச்சு முட்டாதா சார்?’ - ஐ.சி.யூ வாசலில் ஒரு கேள்வி

சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, டாக்டர் எழுதிக்கொடுப்பது. இன்னொன்று, பட்டாசுக்குள் அடைப்பது. அந்த மருந்து வெடித்துவிட்டால், இந்த மருந்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் அப்படிக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 35-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. காயம்பட்ட பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்போது மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. 2022 ஜனவரியில்தான் விருதுநகரில் திறக்கப்பட்டது.

தோலில் பட்ட தீ கண்ணுக்குத் தெரியும். உள்ளே போன புகை தெரியாது. முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் மூச்சுக்குத் திணறி வென்டிலேட்டருக்குப் போவது இதனால்தான். மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய முடிகள்தாம் சளியையும் தூசியையும் வெளியே தள்ளுபவை. புகை அவற்றைப் பொசுக்கிவிடுகிறது. கரியும் சளியும் செத்த திசுவும் சேர்ந்து குழாயை அடைக்க, கிருமிகள் உள்ளே பெருகுகின்றன. நிமோனியா வந்துவிடுகிறது.

அப்படி ஒரு நாளில், ஐ.சி.யூ வாசலில் நிற்கும் மனைவியிடம் டாக்டர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். “நுரையீரலைக் கழுவி எடுக்கணும்மா. கையெழுத்துப் போடுங்க.”

“உள்ள தண்ணி விட்டா மூச்சு முட்டாதா சார்?”

நியாயமான பயம். ஆனால், குடம் குடமாக ஊற்றுவதில்லை. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை (ப்ராங்கோஸ்கோப்), வென்டிலேட்டர் குழாய் வழியாகவே உள்ளே செலுத்துகிறார்கள். கிருமி நீக்கிய உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உடனே உறிஞ்சி எடுக்கிறார்கள். புகை குடித்த நுரையீரல் என்றால், வருகிற நீர் கறுப்பாகவே இருக்கலாம்.

இதில் இரண்டு லாபம். அடைப்பு நீங்கினால் காற்றுக்கு வழி கிடைக்கும். எடுத்த நீரை லேபில் வளர்த்துப் பார்த்தால், எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரியும்.

ஆனால், கழுவிவிட்டதாலேயே நிமோனியா போய்விடாது. ஆன்டிபயாடிக்கும் வென்டிலேட்டரும் தொடர வேண்டும். கழுவும்போது ஆக்சிஜன் அளவு குறையலாம் என்பதால், முன்கூட்டியே ஆக்சிஜனைக் கூட்டிவைத்து, மானிட்டரைப் பார்த்தபடியே செய்வார்கள். எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாது, சிலருக்குத் தாங்காது. அதனால், “இவருக்கு எதுக்காக? என்ன ஆபத்து?” என்று டாக்டரிடம் கேட்பது தப்பே இல்லை.

அந்த மனைவியும் கேட்டார். பதில் புரிந்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

புகைக்குள் சிக்கியவருக்கு உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் குரல் கம்மினாலோ, சளியில் கரி வந்தாலோ, மூக்கு முடி பொசுங்கியிருந்தாலோ, மூச்சு இளைத்தாலோ ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். “புகையைக் குடிச்சிட்டாரு” என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.