கோட் எழுதாத அக்கா

எங்கட டீமின் மனேஜர் அக்கா இப்போது கோட் எழுதுவதே இல்லை. "அப்ப அவவுக்கு என்ன வேலை?" எண்டு வீட்டில கேட்பினம்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான வேலை ஒன்று மூன்று கிழமை பிந்திவிட்டது. இன்னும் ஐந்து பேரைத் தாறம், திகதியை மாத்த ஏலாது என்றது மேலிடம். அக்கா வேண்டாம் எண்டிட்டா. நாங்கள் ஐந்து பேர். ஆளுக்காள் கதைத்து ஒத்துப்போக வேண்டிய சோடிகள் 10. பத்துப் பேரானால் 45. புதிசா வாறவைக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்துறதும் நாங்கள்தானே. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975இலேயே 'த மித்திக்கல் மேன்-மந்த்' நூலில் எழுதிவிட்டார். மேலிடங்கள்தான் இன்னும் வாசிக்கவில்லைப் போல.

இரண்டு பீச்சர்களை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளச் சொல்லி வாடிக்கையாளரோடு கதைத்தா. பேச்சு வாங்கினது அவ. எங்களிட்ட வந்தது திருத்தின பட்டியல் மட்டும். ஜீராவில் டிக்கெட் நகர்த்த எவரும் பழகலாம், இதைப் பழகுறதுதான் கஷ்டம். நடுச்சாமத்தில் சேர்வர் விழுந்தாலும் "ஆர் செய்தது?" எண்டு கேட்கமாட்டா, "என்ன நடந்தது?" எண்டுதான் கேட்பா. அதனால்தான் நாங்களும் ஒளிக்காமல் சொல்லுவம்.

சம்பள உயர்வுக்கும் இப்பிடி நிண்டாவா எண்டது வேற கதை.