தங்கச்சியின் கொப்பி

தாபரிப்புக் கேட்டுக் காதி நீதிமன்றம் போவதென்று என் தங்கச்சி முடிவெடுத்த அன்று, தெரிந்த ஒரு சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாஸ்டர், அங்கே நான் வர ஏலாது. சட்டமே எங்களை உள்ளே விடுவதில்லை" என்று அவர் சிரித்தார்.

உண்மைதான். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியின் முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஏனைய சமூகப் பெண்கள் 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணியோடு போகலாம். எமது பெண்கள் காதியிடம் தம் வாயை நம்பித்தான் போகவேண்டும். பணம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரேமாதிரி நின்று பேசுவது நல்லதுதானே என்று அன்று நினைத்தேன்.

"அப்படியென்றால் நான் பேசுகிறேன்" என்றேன். ஆசிரியர் கலாசாலையில் படித்தவன், இருபது வருடமாக வகுப்பறையில் நிற்பவன். பாடக்குறிப்பு எழுதுவதுபோல இரவிரவாக எழுதினேன். தங்கச்சி தலையாட்டினாள்.

ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு சிறிய அறை. எதிர்ப்பக்கம் மச்சானும் அவருடைய நானாவும் மாமாவும். எங்கள் பக்கத்தில் முன்கதிரையில் நான். பின்னால் மூலையில் தங்கச்சி. எமது குடும்பம் எப்படிப்பட்டது, 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து அகதி முகாமில் அவளை எப்படி வளர்த்தோம் என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். காதியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பிள்ளைக்கு மாதம் என்ன செலவு மாஸ்டர்?" என்றார்.

"ஏறக்குறைய..." என்று இழுத்தேன்.

"ஏறக்குறைய வேண்டாம். எந்த மாதத்திலிருந்து காசு வரவில்லை?"

அதுவும் எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். வேறு தவணை தந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெடுநேரம் பேசாமல் இருந்த தங்கச்சி, "நானா, நீங்க நல்லாத்தான் பேசினீங்க. ஆனா அது என்ட கதையில்ல" என்றாள். அவள் கோபித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் பழைய பிஸ்கட் பேணியைத் திறந்தாள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறு என்ற புலிகளின் கட்டளையில், ஒரு பத்திரமும் இல்லாமல் சோனகத்தெருவை விட்டு வந்தவர் உம்மா. எங்கள் பிறப்புச் சான்றிதழ்களைத் திரும்ப எடுக்க அலைந்த அலைச்சலுக்குப் பிறகு அவர் எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை. அந்தப் பழக்கம் மகளுக்கும் வந்திருந்தது. முன்பள்ளிக் கட்டணத் துண்டுகள், மருந்துச் சிட்டைகள், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சீ.ஆர். கொப்பி. பதினொரு மாதக் கணக்கு, திகதி வாரியாக. இப்படியொரு கொப்பி இருப்பதை நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகுதான் என் தொழிலைச் சரியாகச் செய்தேன். நான் காதியாராக இருந்து கேள்வி கேட்க, அவள் பதில் சொல்லிப் பழகினாள்.

அடுத்த தவணையில் அவள் முன்கதிரையில், நான் பின்னால். முதலில் குரல் நடுங்கியது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மகள்" என்றார் காதியார். மாதச் செலவைச் சொன்னாள். கடைசியாகக் காசு வந்த திகதியைச் சொன்னாள். "அவளாகத்தான் வீட்டைவிட்டுப் போனாள்" என்று எதிர்ப்பக்கம் சொன்னபோது, எனக்கு நாக்கு துடித்தது. அவள் கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பி, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் அவளையும் பிள்ளையையும் முச்சக்கரவண்டியில் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று வாசித்தாள். மச்சான் கீழே பார்த்தார்.

கேட்டது இருபத்தையாயிரம், கட்டளை பதினையாயிரம். எழுந்து வருமுன் கட்டளையின் பிரதியைக் கேட்டு வாங்கினாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் காசு வந்தது. மூன்றாம் மாதம் நின்றது. நிலுவைக்குக் காதி சான்றிதழ் அனுப்பினால், நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம்போல அறவிட வேண்டும். இப்போது அந்தப் படியில் நிற்கிறாள். கொப்பி இன்னும் நீள்கிறது.

காதியார் நல்லவராக இருந்ததால் அவளுக்கு இடம் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண். சட்டத்தின்படி காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும். இச்சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது, பெண் காதி விடயத்தில் உறுப்பினர்களிடையே உடன்பாடு இருக்கவில்லை.

அது பெரியவர்களின் வேலை. எனக்குப் பட்டது வேறு. சட்டத்தரணிக்குக் கதவை மூடினாலும், கறுப்புக் கோட்டுப் போடாத சட்டத்தரணிகளை நாமே உள்ளே அனுப்புகிறோம். வாப்பா, நானா, மாமா. பட்டவளின் கணக்குத் தெரியாமல் குடும்பத்தின் மானத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள். நானும் அப்படி ஒருவனாக இருந்தேன்.

அண்மையில் பாடசாலையில் பெற்றோரைச் சந்திக்கும் நாள். பிள்ளையிடம் நான் கேட்ட கேள்விக்குத் தகப்பன் பதில் சொல்லத் தொடங்கினார். "நீங்கள் இருங்கள், பிள்ளை சொல்லட்டும்" என்றேன். அவள் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காத்திருந்தேன்.