இரவல் கூந்தல்

கதாநாயகிகளுக்குக் கூந்தல் கொடுப்பது எனக்குப் பழகிப்போன காரியம். பேனாவில் இரண்டு சொட்டு மை செலவழித்தால் போதும், முழங்கால்வரை வளர்ந்துவிடும். இருபது வருஷமாக அப்படித்தான் தாராளமாக வழங்கி வருகிறேன். சொந்த அம்மாவுக்குக் கூந்தல் வாங்கத்தான் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் படி ஏற வேண்டியிருந்தது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கூடத்தில் மாட்டப் படம் வேண்டும். போட்டோ என்றாலே சமையலறைக்குள் ஓடி ஒளிகிறவள் அம்மா. தெளிவாக அகப்பட்டது ஒன்றே ஒன்று. கடைசி மாதங்களில், ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தபோது நான் செல்போனில் எடுத்தது. முகத்தில் நல்ல சிரிப்பு. தலையில்தான் ஒன்றும் இல்லை. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து அவ்வளவையும் கொட்டிவிட்டிருந்தது.

"இதை மாட்டினால் வருகிறவர்கள் வியாதியைப் பற்றித்தான் கேட்பார்கள்" என்றாள் தங்கை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

"கவலைப்படாதீங்க ஸார், முடி ரெடியாவே இருக்கு" என்றான் ஸ்டூடியோ இளைஞன். கம்ப்யூட்டரில் வரிசையாகக் கூந்தல்கள். கொண்டை, பின்னல், சுருட்டை என்று முகமே இல்லாமல் தலைமுடி மட்டும். ஒன்றை எடுத்து அம்மாவின் தலையில் வைத்தான். நாடகத்தில் டோப்பா வைத்தாற்போல் இருந்தது.

"யாரோ மாதிரி இருக்கா" என்றார் அப்பா.

"இன்னும் வேலையே ஆரம்பிக்கலை, தாத்தா."

போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. 'லேயர்' என்பது அதில் 1994-ல்தான் சேர்ந்தது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான் அது. அம்மா கீழ்த் தகட்டில். கூந்தல் மேல் தகட்டில். மேலே என்ன செய்தாலும் கீழே இருப்பது கலையாது.

முகத்தில் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்திருந்தது. இரவல் கூந்தலிலோ பளபளப்பு வலப்பக்கம். அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பினான். கத்தரித்தாற்போல் நின்ற நெற்றி விளிம்பை மெத்தென்ற பிரஷ்ஷால் கரைத்தான். வேறொரு லேயரில் மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டான். கூந்தலின் கீழ் நெற்றியில் லேசாக நிழல் ஏற்றினான். அப்படி இருளாக்குவதற்கு 'பர்ன்' என்றும், வெளிச்சமாக்குவதற்கு 'டாட்ஜ்' என்றும் பெயர். இருட்டறையில் படம் பிரிண்ட் போட்ட காலத்துப் பெயர்கள். என் செல்போன் படம் சற்று மங்கல், கூந்தல் மட்டும் கூர்மை. ஆகவே அதையும் கொஞ்சம் மங்கவைத்து, பொடிமணல் தூவுவதுபோல் புள்ளிகள் தூவினான்.

கூந்தல் தலையில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அம்மா வரவில்லை.

"தம்பி, காதுக்கு மேலே நரை வேணும்" என்றார் அப்பா.

அவன் திரும்பிப் பார்த்தான். "எல்லாரும் நரையை எடுக்கத்தான் சொல்வாங்க, தாத்தா."

"இவளுக்கு இருந்தது, அப்பா. வகிடும் இத்தனை ஒடுக்கமில்லை. நாற்பத்தாறு வருஷம் ஒரே இடத்தில் எடுத்த வகிடு. அப்புறம், இடது காதோரம் ஒரு கொத்து அடங்காது. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் எழுந்து நிற்கும்."

எனக்குத் தெரியாது. பத்து வயது வரை என் தலைக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டவள் அவள். அவள் தலையை நான் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. என் கதைகளில் வந்த கூந்தல்களெல்லாம் இந்தப் பையனின் பெட்டியில் இருந்த ரகம்தான். யார் தலையிலும் பொருந்தும், யாருடையதும் அல்ல.

நரை ஏறியது. வகிடு அகன்றது. கடைசியாகக் காதோரக் கொத்தை இழுத்துவிட்டபோது அம்மா வந்துவிட்டாள்.

நான் பணத்தை எடுத்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

"அந்த மேல் கண்ணாடியைக் கொஞ்சம் எடு, தம்பி."

லேயருக்குப் பக்கத்தில் கண் போல ஓர் அடையாளம். அதை அழுத்தியதும் நரை, வகிடு, கொத்து எல்லாம் மறைந்தன. ஜன்னலோரத்துச் சிரிப்பு அப்படியே இருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இதிலேயும் ஒண்ணு போட்டுக் கொடு. சின்னதா."

கூடத்துப் படத்தைப் பார்த்த தங்கை, காதோரக் கொத்தைக் கண்ணாடிமேல் விரலால் தடவிக்கொண்டே அழுதாள். வருகிறவர்கள், "அப்படியே இருக்கிறார்" என்கிறார்கள்.

சின்னப் படம் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. அதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை.