பந்தக்காரனுக்கு எதுக்கு கண்ணு காலேஜு?

மேலே இருக்கிற கேள்வி என்னோடது இல்லை. எங்க அப்பாரு கேட்டது. அதாவது அப்பாவோட அப்பா. வயசு எண்பதைத் தாண்டியாச்சு, காது மட்டும் கொஞ்சம் மந்தம், நாக்கு இன்னும் கத்தி மாதிரி.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பல்லடம் பக்கம் எங்க ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே தறிச் சத்தம் வரவேற்கும். நான் இப்போ பி.காம். மூணாம் வருஷம், அதனால வீட்டுக்குள் காலை வைத்ததும் ‘அடுத்து என்ன?’ ஆரம்பம் ஆகிவிட்டது. அப்பாவிடம் பதில் ரெடியாக இருந்தது. சி.ஏ.! அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருத்தர், “இன்டர் மட்டும் பாஸ் பண்ணட்டுங்க, ஆர்டிகிள்ஷிப் நம்ம ஆபீஸ்லயே போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டாராம். எட்டுத் தறியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டு, ஜி.எஸ்.டி. கணக்குக்கு மாசாமாசம் ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு, பையன் அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான், தப்பே சொல்ல முடியாது.

நான் மெதுவா, “ஸ்போர்ட்ஸ் ஈவென்ட் மேனேஜ்மென்ட் பண்ணலாம்னு இருக்கேன்பா” என்றேன்.

வீட்டில் தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அம்மா, “பீ.டி. வாத்தியாராவா கண்ணு?” என்றாள். பாவம். அப்பாரு மட்டும் ஆர்வமா, “அதென்ன சாமி அது?” என்று கேட்டார். மேட்ச், மாரத்தான், டோர்னமென்ட் எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்றதுங்க அப்பாரு, இடம் பிடிக்கணும், பர்மிஷன் வாங்கணும், கூட்டத்தைப் பாத்துக்கணும், லைட்டு, தண்ணி, ஆம்புலன்ஸ்... என்று விளக்கினேன். முழுசா கேட்டுவிட்டு அவர் சொன்னதுதான் தலைப்பு.

“அது பந்தக்காரன் வேலையாச்சே. பந்தக்காரனுக்கு எதுக்கு கண்ணு காலேஜு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனா ராத்திரி படுத்தப்புறம் யோசித்துப் பார்த்தால் அதற்கு என்னிடம் சரியான பதிலே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமா எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தமாஷ் என்னவென்றால், இந்தக் கிறுக்கை என் தலைக்குள் ஏற்றியதே அப்பாருதான். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். 2014 மே மாசம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததில் ஜல்லிக்கட்டோடு சேர்ந்து எங்க பக்கத்து ரேக்ளாவும் படுத்துவிட்டது. 2017 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினப்புறம் மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போ நான் ஆறாவது. ரேக்ளா பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: நம்ம கொங்குப் பக்கத்தில் எல்லா வண்டியும் ஒண்ணா ஓடாது. ஒவ்வொரு வண்டியா விடுவார்கள், நேரத்தைக் குறிப்பார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று ரெண்டு பிரிவு. சில செகண்டுதான், கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் வண்டி போயிருக்கும்.

அன்றைக்கு எல்லாரும் எல்லைக் கோட்டுப் பக்கம் முண்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாருவை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால் எல்லைக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரத்தில், தோளில் துண்டு, கையில் கயிறோடு, வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். “இங்க நின்னா என்னங்க தெரியும்? போட்டி அங்க நடக்குது” என்று நான் சிணுங்கினதற்கு, “கோட்டைத் தாண்டினதும் மாடு நின்னுக்குமா? அதுக்குக் கோடு கீடு எல்லாம் தெரியாது சாமி. ஓடி ஓய இடம் வேணுமல்ல” என்றார்.

அதற்கப்புறம் எந்தப் போட்டிக்குப் போனாலும் எனக்குக் கண் கோட்டுக்கு அந்தப் பக்கமே போகும்.

2022 ஜூலை 31, டி.என்.பி.எல். ஃபைனல். நம்ம கோவையில், எஸ்.என்.ஆர். காலேஜ் கிரவுண்டில். கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும். நான் பன்னெண்டாவது, டியூஷனுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் போயிருந்தேன் (அப்பா படிக்க மாட்டார் என்ற தைரியம்). மழை. மேட்சை 17 ஓவராகக் குறைத்தார்கள். நம்மாளுங்க ஆடி முடித்து, சேப்பாக் நாலு ஓவர் ஆடியிருக்கும்போது மறுபடி கொட்ட ஆரம்பித்தது, அவ்வளவுதான். டி20யில் ரெண்டாவது இன்னிங்ஸ் அஞ்சு ஓவராவது நடந்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஒரே ஒரு ஓவர்! கோப்பையை ரெண்டு டீமுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் ஃபிரெண்டு வருண பகவானைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் கவர் இழுக்கிற கிரவுண்ட்ஸ்மேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் மட்டும்தான். கேலரியில் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

சரி, இப்போ கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

முதல் வருஷம் படிக்கும்போது கோவையில் ஒரு ஓட்டப் போட்டிக்கு வாலண்டியரா போனேன். பெயர் வேண்டாம். (2013ல் தொடங்கின கோயம்புத்தூர் மாரத்தான் இல்லை, அது கேன்சர் நிதிக்காக நடக்கிற பெரிய ஓட்டம். இது வேற, சின்னது.) ஆறாவது கிலோமீட்டரில் தண்ணி பாயின்ட் எங்க பொறுப்பு, எட்டுப் பேர், நான் லீடர். காலையில் நாலரைக்கே போய் மேஜை போட்டு, பேப்பர் கப்பை வரிசையா அடுக்கி, செல்ஃபி எல்லாம் எடுத்தாச்சு. தண்ணி டெம்போ அஞ்சு மணிக்கு வரும் என்றார்கள். வரவில்லை. அஞ்சரைக்கு ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆறு மணிக்கு ஓட்டம் ஆரம்பம்.

முதலில் வந்த வேகமான ஆட்கள் தண்ணியைச் சீண்டவில்லை, தப்பித்தோம். ஆறே முக்காலுக்கு மேல் கூட்டம் கூட்டமா வர ஆரம்பித்தார்கள். காலி கப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் திட்டினார்கள். அறுபது வயசு இருக்கும், ஒருத்தர் வந்து, “தம்பி, தண்ணி” என்றார். “வந்துட்டே இருக்குதுங்க சார்” என்றேன். எனக்கே தெரியும், அது பொய். அவர் ஒன்றும் சொல்லாமல் நாலடி நடந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

எதிர்த்தாப்ல ஒரு பேக்கரி அப்போதான் ஷட்டர் தூக்கியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். அந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை, ரெண்டு கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் தண்ணி தெளித்து, காலைத் தூக்கிப் பிடித்து... ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ, எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. மத்தியானமே டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. தெரியும் வரைக்கும் நான் சாப்பிடவில்லை.

டெம்போ எங்கே போச்சு தெரியுமா? எங்கேயும் போகவில்லை. 700 மீட்டர் தள்ளித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. டிரைவரிடம் வண்டி பாஸ் இல்லை, போலீஸ்காரர் விடவில்லை. அவர் செய்தது சரி. டிரைவரிடம் என் நம்பர் இல்லை, என்னிடம் அவர் நம்பர் இல்லை. ராத்திரி ரூமில் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பி.காம். புத்தி). 1200 பேர், ஆளுக்கு 150 மில்லி, மொத்தம் 180 லிட்டர், ஒன்பது கேன். டெம்போவில் இருந்தது பதினைந்து. தேவைக்கு மேலேயே தண்ணி இருந்தது. வேற இடத்தில் இருந்தது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் எதிர்பாராத வெயில். பல இடத்தில் தண்ணி பத்தவில்லை என்று ஓடினவர்கள் சொன்னார்கள், மூன்றரை மணி நேரத்தில் போட்டியையே நிறுத்தினார்கள், ஒருத்தர் இறந்துபோனார். இப்போ அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று வழி நெடுக எச்சரிக்கை நிறம் காட்டுகிறார்கள். கறுப்பு என்றால் ஓட்டம் ரத்து. சிகாகோவுக்கே அந்தக் கதி என்றால் நம்ம ஆறாவது கிலோமீட்டர் எம்மாத்திரம் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

2025 ஜூன் 4 அன்றைக்கு பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் பதினோரு பேர் நெரிசலில் செத்தார்கள். அங்கே மேட்சே இல்லை, கோப்பை ஜெயித்ததற்குக் கொண்டாட்டம். டிவியில் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்த செருப்பைக் காட்டினார்கள். அன்றைக்கு அப்பாருவின் கயிறு ஞாபகம் வந்தது.

காலேஜ் எதுக்கு என்ற கேள்விக்கு இப்போ வருகிறேன். 2009ல் தேர்தல் காரணமா ஐ.பி.எல்.லை தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்ச் கடைசியில் முடிவு, ஏப்ரல் 18ல் முதல் மேட்ச், எட்டு மைதானம். 2022ல் ரஷ்யாவில் நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் மார்ச்சில் நம்மகிட்ட வந்தது, ஜூலை 28ல் ஆரம்பித்துவிட்டோம், பூஞ்சேரியில் புது அரங்கம் உட்பட. இன்னொரு பக்கம் 2010 டெல்லி காமன்வெல்த். 2003லேயே கையில் கிடைத்தது. ஏழு வருஷம்! கடைசியில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து நடைபாலம் இடிந்து விழுந்தது, வேலையெல்லாம் கடைசி நேர அவசரத்தில் நடந்தது. 2011ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையை நான் கொஞ்சம் படித்தேன். (காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தை அந்த ஆர்வத்தோடு படித்ததில்லை.) ஏழு வருஷத்தை வீணடித்துவிட்டு, அவசரம் அவசரம் என்று சொல்லியே டெண்டர் விதிகளை எல்லாம் ஓரங்கட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது யார்? கணக்குப் பார்க்கிறவர்கள். அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். நீங்க ஆசைப்படற படிப்பும் நான் ஆசைப்படற வேலையும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லப்பா.

அப்பா உடனே மசிகிற ஆள் இல்லை. “சம்பளம்?” என்றார். மழுப்பவில்லை. ஆரம்பத்தில் ரொம்பக் கம்மி, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, போட்டி நடந்தால் வேலை, இல்லாவிட்டால் உட்கார வேண்டியதுதான். படிப்பு எங்கே என்றார். சென்னை மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. இருக்கிறது, ஐ.ஐ.எம். ரோத்தக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கோர்ஸ், கல்கத்தாவில் ஒன்று. நம்ம ஊரில் வேலை இருக்குதா என்றார். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டி நடந்த நாலு ஊரில் கோவையும் ஒன்று, டி.என்.பி.எல். வருகிறது, தெருவுக்குத் தெரு கபடி. இருக்குதுங்கப்பா, நிறையன்னு சொல்ல மாட்டேன்.

“ஒரு வருஷம். இன்டருக்கும் படிக்கோணும்” என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். ஜெயித்தேனா தோத்தேனா இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பாரு பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தண்ணிக் கதையைச் சொன்னேன். வீட்டில் அதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. பிளாட்பாரத்தில் சாய்ந்தவரைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், “முந்தின நாளே தண்ணி வண்டிக்காரனைப் போய்ப் பாத்தியா?” என்றார்.

“இல்லீங்க அப்பாரு.”

“மூஞ்சியே தெரியாதவனை நம்பி எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போய் நின்னிருக்கே.”

அவ்வளவுதான். வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பேக்கரிக்காரனுக்குக் காசு குடுத்தியா?” என்றார். கொடுத்தேன், எண்பது ரூபாய், என் கைக்காசு. தலையாட்டினார்.

வர்ற தை மாசம் எங்க ஊரில் கபடி. கமிட்டியில் பேசி கூட்டம், தண்ணி, வண்டி நிறுத்துமிடம் மூன்றையும் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார் அப்பாரு. பரிசுக் கோப்பைப் பக்கம் என்னை விடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போய்த் தண்ணி வண்டிக்காரரை நேரில் பார்த்து நம்பர் வாங்கிவிட்டேன். அவர் டிரைவர் நம்பரும்.