காலண்டருக்குப் பின்னால ஒரு ஓட்டை

நம்ம ஊர்ல சுவத்துல ஆணி அடிக்கணும்னா ஆணி வளையும், சுத்தியல் விரல்ல படும், கடைசியில சுவர்தான் ஜெயிக்கும். இங்க நியூஜெர்சியில கதையே வேற. சுவத்துல ஓங்கி ஒரு குத்து விட்டா கை அந்தப் பக்கம் போயிடும்.

டிரைவால்னு பேரு. அரை இஞ்ச் தடிமனுக்கு ஜிப்சம், ரெண்டு பக்கமும் கெட்டிக் காகிதம். 4க்கு 8 அடி பலகையா வரும். 16 இஞ்சுக்கு ஒண்ணா நிக்கிற மரச்சட்டத்துல அதைத் திருகி, இணைப்புல டேப் ஒட்டி, மேல பூசி, பெயிண்ட் அடிச்சா சுவர் ரெடி. போன வருஷம் ஊர்லேருந்து வந்த அப்பா, வந்த அன்னைக்கே டொக்கு டொக்குனு தட்டிப் பாத்துட்டு, "ஏண்டா, இவ்வளவு கடனை வாங்கி அட்டைப்பெட்டியையா வாங்கி வச்சிருக்க?"ன்னாரு :-)

அவர் இருந்தப்பதான் அந்த ஓட்டை விழுந்துச்சு. பையனோட ரூம்ல. அவனுக்கு 16 வயசு. ஆபீஸ்ல அன்னைக்கு ஏகப்பட்ட ஆணி. வீட்டுக்கு வந்தா மார்க் குறைஞ்சிருக்குன்னு ஸ்கூல்லேருந்து மெயில். அவன் ரூம் கதவை ஒரே தள்ளு தள்ளினேன். கைப்பிடி சுவத்துல இடிச்சு, முஷ்டி அளவுக்கு ஓட்டை. மக்களே, கவனிங்க. கதவைத் தள்ளினது பையன் இல்ல, நான். அவன் நிமிர்ந்து என்னையும் பாத்தான், ஓட்டையையும் பாத்தான். ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் என்கிட்ட பேசவும் இல்ல.

நான் என்ன பண்ணேன்? மறுநாள் கோயில்ல குடுத்த முருகர் காலண்டரை எடுத்து ஓட்டை மேல மாட்டிட்டேன். தங்கமணி பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க, அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

ஒரு வாரம் கழிச்சு, யாரும் இல்லாத நேரமாப் பாத்து, கடையில வாங்கின ஜாயின்ட் காம்பவுண்டை அள்ளி ஓட்டையில அப்பி, மேல தடவி விட்டேன். பத்து நிமிஷ வேலைதானேன்னு நினைப்பு. ரெண்டு நாள்ல அது காய்ஞ்சு, சுருங்கி, வெடிச்சு, கோடை காலத்துக் கம்மாய் மாதிரி ஆயிடுச்சு.

அப்பா காலண்டரைத் தூக்கிப் பாத்தாரு. "பட்டி பாக்கத் தெரியாதவன் எதுக்குடா கரண்டியைத் தொடுற?"

அவர் பெயிண்டர் இல்ல, பேங்க் கிளார்க். ஆனா மதுரையில ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்க வீட்டுக்கு வெள்ளை அடிச்சது அவர்தான். சுண்ணாம்பை ஊற வச்சு, வடிகட்டி, நீலம் கலந்து, மட்டையால அடிப்பாரு. அதே ஞாபகத்துல சுவத்துல தெளிக்க ஒரு சொம்புத் தண்ணியோட வந்துட்டாரு. ஓடிப் போய்ப் பிடுங்கினேன். சுண்ணாம்புக்குச் சுவர் ஈரமா இருக்கணும். டிரைவாலுக்குத் தண்ணி ஆகாது, காகிதம் ஊறி உப்பிடும். அந்த ஒரு விஷயத்துல மட்டும்தான் நான் அவருக்கு வாத்தியார்.

வெடிச்சதைச் சுரண்டினோம். உள்ள கரண்ட் வயர் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஓட்டையைச் சுத்திச் சதுரமா அறுத்தோம். உள்ள ரெண்டு மரத்துண்டைக் குறுக்கால குடுத்துத் திருகி, அதே அளவுக்கு ஒரு புது டிரைவால் துண்டை அது மேல பொருத்தி, நாலு பக்கமும் டேப் ஒட்டினோம். அப்புறம் பட்டி, மூணு தடவை. ஒவ்வொண்ணும் மெல்லிசா, முந்தினதை விட அகலமா. ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு நாள் காயணும். "ஃபேன் போட்டு இன்னைக்கே முடிச்சிடலாமே?"ன்னு கேட்டேன். "மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரமாத்தான் இருக்கும். அவசரப்பட்டா மறுபடி வெடிக்கும்"னாரு. பட்டியைத்தான் சொன்னாருன்னு நினைக்கிறேன்.

கடைசிப் பட்டி காஞ்சதும் மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். (உங்க வீடு 1978க்கு முந்தி கட்டினதா இருந்தா, பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாமத் தேய்க்காதீங்க.) என் கண்ணுக்குச் சமமாத்தான் தெரிஞ்சுது. அப்பா கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிட்டு, "இங்க மேடு"ன்னாரு. எனக்குத் தெரியல. "டேய் பேராண்டி, அந்த போன் லைட்டைக் கொண்டா."

பையன் வந்தான். சுவத்தை ஒட்டிப் பக்கவாட்டுல லைட்டைப் பிடிச்சான். அவ்வளவுதான், அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்த மேடு பள்ளமெல்லாம் நிழலாத் தெரிய ஆரம்பிச்சுது. நான் தேய்க்கத் தேய்க்க அவன் லைட்டை நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம் மேல... லெஃப்ட்ல, ப்பா."

பன்னெண்டு நாள் கழிச்சு அவன் என்கிட்ட பேசினது அதுதான். உப்புத்தாள் தூசு கண்ணுல விழுந்துடுச்சுன்னு சொல்லி பாத்ரூம் பக்கம் போயிட்டேன்.

திரும்பி வந்து, "கதவை அப்படித் தள்ளியிருக்கக் கூடாதுடா"ன்னு சொன்னேன். "தெரியும்"னான். மன்னிச்சானா, இல்ல தப்பு யாருதுன்னு தெரியும்னு சொன்னானா, இன்னும் எனக்குப் புரியல.

தூசியைத் துடைச்சிட்டு பிரைமர் அடிச்சோம். இதை மட்டும் விட்டுடாதீங்க. பட்டி போட்ட இடம் பெயிண்டை அதிகமா உறிஞ்சும். பிரைமர் இல்லாம அடிச்சா, எத்தனை கோட் குடுத்தாலும் அந்த இடம் மட்டும் மங்கலாத் தெரியும். பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும்கறதால ஒட்டுப் போட்ட இடத்துல மட்டும் அடிச்சாலும் ஒட்டாது. மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடிக்கணும்.

அப்ப கலர்? "அவன் ரூமு, அவன் சொல்லட்டும்"னு அப்பா தீர்ப்பு. பையன் கரு நீலம் கேட்டான். குகை மாதிரி இருக்குமேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஓரமெல்லாம் நான் பிரஷ்ல அடிக்க, அவன் ரோலர்ல, ரெண்டு கோட். அப்பா நாற்காலியில உக்காந்து சூபர்வைசர் வேலை.

அப்பா ஊருக்குப் போயாச்சு. ஒட்டு எங்க இருக்குன்னு இப்ப யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினா கைக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால ஒரு ஸ்டாப்பர் வாங்கி மாட்டியிருக்கேன். சில டாலர்தான். இப்பல்லாம் தட்டிட்டுத்தான் உள்ள போறேன். முருகர் சமையலறைக்கு வந்துட்டாரு.

அது சரி, உங்க வீட்டுல எந்தக் காலண்டருக்குப் பின்னால என்ன இருக்கு?