இரண்டாவது திறப்பு

அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டி இப்பவும் எங்கள் வீட்டில் இருக்கிறது. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அம்மப்பாவின் அடையாள அட்டை, நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது பெட்டியைத் தூக்க ஏலாது என்று, உள்ளே இருந்ததை மட்டும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டினாராம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, பெட்டி இருந்தது. பையில் இருந்ததெல்லாம் திரும்பவும் பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு பழக்கம் வந்தது. உறுதியின் பொடோக்கொப்பி ஒன்றை வவுனியாவில் இருந்த தங்கச்சியிடம் கொடுத்து வைத்தார். பெட்டிப் பூட்டுக்கு இரண்டு திறப்பு வைத்திருந்தார். ஒன்று அவரின் இடுப்பில், மற்றது அம்மாவிடம். "நான் செத்தாப் பிறகு பூட்டை உடைக்கக் கூடாது பாருங்கோ" என்பார்.

இந்தக் கட்டுரை ஒரு சொப்ட்வெயாரைப் பற்றியது. ஆனால் அந்தப் பெட்டியைச் சொல்லாமல் எனக்கு இதைத் தொடங்கத் தெரியவில்லை.

அவரின் கடைசி இரண்டு வருடத்தில், பின்னேரங்களில் கதைத்ததை நான் போனில் பதிவு செய்து வைத்தேன். மொத்தம் 14 பதிவுகள். எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். ‘பக்கப்’, ‘பக்கப் நியூ’, ‘பக்கப் பைனல்’ என்று மூன்று போல்டர். மூன்றும் ஒரே டிஸ்க்கில்! 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், ஒரு இரவு இருட்டில் ரோச் லைட்டைத் தேடப்போய் வயரைத் தட்டிவிட்டேன். டிஸ்க் நிலத்தில் விழுந்தது. அடுத்த நாள் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது. திருத்தும் கடையில் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அதற்கு அவர்கள் சொன்ன விலை என்னுடைய மூன்று மாதச் சம்பளம்.

பழைய போனில் ஐந்து பதிவுகள் அழியாமல் இருந்தன. கனடாவில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை நான்கு. மிச்சம் ஐந்தும் போய்விட்டன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளை நான். ஒரே பிரதி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேணும்.

கம்பஸில் கூடப் படித்த தோழியிடம் அழுதேன். "எடியே, கொப்பி எடுத்து வைக்கிறது பக்கப் இல்லை. திருப்பி எடுக்க முடிஞ்சாத்தான் பக்கப்" என்றாள். அவள்தான் ரெஸ்டிக்கைக் காட்டினாள். இலவசம், திறந்த மூலம், ஜன்னலோ பட்டனோ கிடையாது. டேர்மினலில் கொமாண்ட் அடிக்க வேணும். கறுப்புத் திரை எனக்குப் பயம். ஆனால் நாலு ஜிபி ரம் உள்ள என் பழைய லப்டொப்பிலேயே ஓடியது. ஒருமுறை சரியாக எழுதிய வரியை ஒரு பைலில் சேமித்துவிட்டால் ஒவ்வொரு இரவும் அதுவே தானாக ஓடும். நான் மறந்தாலும் அது மறக்காது.

முதல் கொமாண்ட் ‘ரெஸ்டிக் இனிட்’. ஒரு களஞ்சியத்தை உருவாக்கும். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். பிறகு ஒரு எச்சரிக்கை காட்டும்: கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது, மீட்க வழியில்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று கேட்கும் லிங்க் ஒன்றும் இல்லை. கணினியை விட்டு வெளியே போகமுதல் எல்லாம் ஏஇஎஸ்-256 முறையில் பூட்டப்படுகிறது. செய்தவர்களாலும் திறக்க முடியாது.

இந்தப் பூட்டு எனக்குத் தேவைப்பட்டது. ஏழாவது பதிவில் அம்மம்மா பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனைப் பற்றிக் கதைக்கிறார். அவன் திரும்பி வரவில்லை. யார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பெயரோடு சொல்கிறார். முடிவில், "அவன்ர தாய் இருக்கும் மட்டும் இதை ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாத" என்கிறார். அந்தத் தாய் இன்னும் இருக்கிறார்.

ரெஸ்டிக் பைல்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியான துண்டை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும். என்னுடைய மூன்று ‘பக்கப்’ போல்டர்களும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு இரவும் ஒரு ‘ஸ்னப்ஷொட்’ எடுத்தாலும் புதிதாக மாறியது மட்டும்தான் சேரும். 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் 360 வரை போன அந்த நேரத்தில், டொலரில் காசு கட்டி ஒன்லைன் இடம் வாங்க என்னால் முடியவில்லை. ஆகவே ஒரு பிரதி வீட்டில் புது டிஸ்க்கில், இன்னொன்று மாமாவின் கொம்பியூட்டரில். இரவு டேட்டாவில் மெல்ல மெல்லப் போனது. நடுவில் கரண்ட் போய் அறுந்தால், அடுத்த இரவு பெரும்பாலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். சிலவேளை பழைய ‘லொக்’ ஒன்று மிஞ்சி நிற்கும். ‘அன்லொக்’ என்று அடித்தால் போய்விடும். பிரதி மாமாவிடம் இருக்கிறது, ஆனால் ஏழாவது பதிவை மாமாவால் கேட்க முடியாது. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் நான் இரண்டு பிழை விட்டேன்.

முதலாவது, கடவுச்சொல்லைக் கொமாண்டோடு சேர்த்து நேரடியாக டேர்மினலில் அடித்து வந்தேன். டேர்மினல் அடித்ததையெல்லாம் ஒரு ஹிஸ்டரி பைலில் எழுதி வைக்கும் என்று தெரியாது. கீபோர்ட் பழுதாகி லப்டொப் ஒரு கிழமை ரிப்பெயருக்குப் போய் வந்த பிறகுதான் தற்செயலாக அந்தப் பைலைத் திறந்தேன். பூட்டின் பக்கத்திலேயே திறப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன்! ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை. கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதை நான் மட்டும் வாசிக்கக்கூடிய ஒரு தனிப் பைலில் போட்டு, ரெஸ்டிக்கை அங்கிருந்து வாசிக்கச் சொன்னேன். அந்தப் பைலுக்கு அனுமதி 600. ஹிஸ்டரியில் இருந்த வரிகளையும் அழித்தேன்.

இரண்டாவது பிழை இதைவிட மோசமாகியிருக்கும். டிஸ்க் நிறைந்தது. பழைய ஸ்னப்ஷொட்டுகளைக் குறைக்க ‘ஃபொகெட்’ என்ற கொமாண்ட் இருக்கிறது. நாளாந்தம் 7, வாராந்தம் 4, மாதாந்தம் 12 வைத்துக்கொண்டு மற்றதை மற என்று சொல்லலாம். அடித்தேன். டிஸ்க்கில் ஒரு எம்பி கூடக் குறையவில்லை. பிறகு வாசித்துத்தான் விளங்கியது. ‘ஃபொகெட்’ பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்கும். தரவை உண்மையாக அழிப்பது ‘ப்ரூன்’.

அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்து அடிக்கப்போனேன். தோழி தடுத்தாள். "முதல்ல ட்ரை-ரன் போட்டுப் பார். எதை எறியப் போறாய் எண்டு அது சொல்லும்." போட்டேன். எறியப்போகும் ஸ்னப்ஷொட் ஒன்றையும் புதிய ஒன்றையும் ‘டிஃப்’ செய்து பார்த்தேன். பழையதில் 3ஆம் பதிவு இருந்தது, புதியதில் இல்லை. எப்போதோ லப்டொப்பைத் துப்புரவாக்கும்போது தவறுதலாக அழித்திருக்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது. ‘ப்ரூன்’ அடித்திருந்தால் அது ஆறாவது இழப்பு.

3ஆம் பதிவை மீட்டு எடுத்தேன். அந்த ஸ்னப்ஷொட்டுக்கு ‘அம்மம்மா’ என்று ஒரு டக் போட்டேன். அந்த டக் உள்ள எதையும் மறக்காதே என்று ‘ஃபொகெட்’டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. கடவுச்சொல் என் தலைக்குள்ளும் என் லப்டொப்புக்குள்ளும் மட்டும்தான். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஏதும் நடந்தால், அம்மம்மாவின் குரல் ஒருவராலும் திறக்க முடியாத வெறும் எண்களாக இரண்டு நாட்டில் கிடக்கும். பாதுகாப்பு என்று நான் போட்ட பூட்டு, அந்த நாளில் அழிப்பதற்குச் சமம்.

ரெஸ்டிக்கில் ‘கீ அட்’ என்று ஒரு கொமாண்ட் உண்டு. அதே களஞ்சியத்துக்கு இன்னொரு கடவுச்சொல்லைச் சேர்க்கலாம். என்னுடையது அவருக்குத் தெரியத் தேவையில்லை. ஆனால் கொடுக்கமுதல் நல்லாய் யோசியுங்கோ. பிறகு அந்தத் திறப்பை நீக்கலாம், இருந்தும் ஒருமுறை உள்ளே போனவர் உள்ளே இருக்கும் மூலத் திறப்பைக் கொப்பி எடுத்து வைத்திருந்தால் அதை நீக்க வழியில்லை. ஆகவே இது கொமாண்ட் சம்பந்தப்பட்ட முடிவு இல்லை. யாரை நம்புவது என்ற முடிவு.

மட்டக்களப்பில் இருக்கும் அக்காவிடம் போனேன். ஏழாவது பதிவைப் பற்றிச் சொன்னேன். அவள் கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டாள்: "அந்த அன்ரி இருக்கும் மட்டும் நானும் அதைத் திறக்கக் கூடாது, என்ன?"

"ஓம்."

"சரி, தா."

அவளே தன் கடவுச்சொல்லை அடித்தாள். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடுதாசியில் எழுதி, தன் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பைலுக்குள் வைத்தாள். பிறகு அவளின் லப்டொப்பில், அவளின் கடவுச்சொல்லால் மட்டும் திறந்து, முதலாவது பதிவை ‘ரெஸ்டோர்’ செய்யச் சொன்னேன். வரிகள் ஓடின. போல்டரில் ஒரு பைல் வந்தது. அழுத்தினாள்.

காகம் கத்துகிறது. யாரோ முற்றம் கூட்டுகிறார்கள். பிறகு அம்மம்மா: "இது இப்ப பதியுதோ பிள்ளை?"

உங்களிடமும் இப்படி ஒரு குரல் இருக்கும். பக்கப் எடுத்தாச்சு என்றுதான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இன்றைக்கு ஒரேயொரு பைலை வேறொரு கணினியில் மீட்டு, போட்டுக் கேட்டுப் பாருங்கோ. உங்களுக்குப் பிறகு அதை யார் திறப்பார் என்று ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாருங்கோ. அந்தப் பெயர் வாயில் வராவிட்டால் உங்கள் பக்கப் இன்னும் முடியவில்லை.